பந்தலுக்குள் இருபது மில்லிமீட்டர்

கலிவேரு தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் வஸிதோ செய்த ஒரே குற்றம், இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைக் குப்பையில் போடாமல் விட்டதுதான். அதற்காக அரசாங்கம் அவரைப் பாராட்டுவதென்று முடிவு செய்தது.

பாட்டில்களில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கழுத்தை அறுத்து, அறுத்த தலையைக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, பக்கத்தில் அளவுத் தாளை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. ஒன்று பள்ளிக்கூட வேலியில் இருந்தது. இன்னொன்று மேலே ராந்து மேட்டில், வெனிங் என்ற பத்து வயதுப் பெண்ணின் வீட்டு வேலிக்கம்பில். ராந்து மேடு என்பது சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பதினொரு வீடுகள். அவற்றுக்கு மேலே உருளைக்கிழங்குத் தோட்டம். அதற்கு மேலே மேகம். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். வகுப்பிலே மூன்று தகரத் தட்டுகளில் மண்ணை நிரப்பிச் சாய்த்து வைத்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, எத்தனையாவது டம்ளரில் மண் வழுக்குகிறது என்று எண்ணுவார்கள். புல் முளைத்த தட்டு கடைசிவரை தாங்கும். உருளைக்கிழங்குப் பாத்தி கட்டிய தட்டு எட்டாவது டம்ளரில் கையை விரித்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராந்து மேட்டுத் தோட்டத்தின் ஒரு மூலை நிஜமாகவே இறங்கியது. அன்று பாட்டில் எண்பத்து மூன்று மில்லிமீட்டர் காட்டியிருந்தது. பிள்ளைகள் எண்பதில் ஒரு சிவப்புப் பட்டையை ஒட்டினார்கள். தண்ணீர் சிவப்பைத் தொட்டால் மழை நிற்கும் வரை ராந்து மேட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு. அப்படி இரண்டு தடவை இறங்கினார்கள். இரண்டு தடவையும் மலை சும்மா இருந்தது. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆனாலும் பேச்சு பேச்சாகவே நின்றது.

இப்படி இருக்கையில், கழிப்பறையைத் தேடிப் பள்ளியின் பின்பக்கம் போன ஆய்வாளர் ஒருவர் வேலியில் பாட்டிலைக் கண்டார். குப்பை மேலாண்மையில் குறைபாடு என்று படம் பிடித்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே யாரோ அதைக் குறைபாடுகள் கோப்பில் போடாமல் புதுமைகள் கோப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு கோப்புகளும் ஒரே நிறம்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. ‘மழை அளக்கும் மழலைகள்: கையால் செய்து கற்கும் புவி அறிவியல் பேரியக்கம்’ கலிவேருவில் தொடங்கி வைக்கப்படும். கல்வி அலுவலகத் தலைவர் நேரில் வருவார். தேதி ஜனவரியில். தலைமையாசிரியை ரெத்னோ அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வஸிதோவைக் கூப்பிட்டார்.

“வஸிதோ, உங்க நிரந்தர ஆணையையும் அன்னைக்கே மேடையில குடுக்கப் போறாங்களாம். பதினாலு வருஷம் தற்காலிகமாவே இருந்துட்டீங்க. இன்னும் மூணு வாரம் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்.”

“நான் எப்ப இபு வாயைத் திறந்தேன்?” அந்தப் பக்கத்தில் பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“இதோ, இப்ப.”

வஸிதோ வாயை மூடிக்கொண்டார். பதினான்கு வருஷமாக மூடிப் பழகிய வாய், சிரமமாக இல்லை.

முதல் ஆலோசனைக் கூட்டத்தை விழா நெறிமுறைப் பிரிவின் அதிகாரி ஹர்ஜந்தோ நடத்தினார். ஒல்லியான மனிதர். தேநீர் கேட்பதைக்கூடக் கல்யாண மண்டபத்தில் அறிவிப்பது போலக் கேட்பார். முப்பது வருஷமாக மாவட்டத்தில் ஒரு மேடைகூட ஆளில்லாமல் காலியாகக் கிடக்க அவர் விட்டதில்லை என்று சொல்வார்கள். சொல்வது பெரும்பாலும் அவர்தான்.

கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. பாட்டில் என்பது அரசு நிகழ்ச்சிக்குப் பொருந்தாது என்பதால், மாவட்ட முத்திரை பதித்த எஃகு மழைமானி ஒன்று வரவழைக்கப்படும் என்றார் ஹர்ஜந்தோ. பிறகு வஸிதோவின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் நிபுணர். சொல்லுங்க. மழைமானியை எங்க வைக்கணும்?”

“வெட்டவெளியில பாக். மேல மரமோ கூரையோ இருக்கக் கூடாது.”

“தலைவர் அதுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கணும். தலைவர் நனையலாமா?”

“கூடாதுங்க.”

“அப்போ தலைவர் எங்க நிப்பார்?”

“பந்தலுக்குக் கீழங்க.”

“மழைமானி தலைவர்கிட்டேருந்து ரெண்டடி தூரத்துல இருக்கணும். அப்போ மழைமானி எங்க?”

வஸிதோ யோசித்தார். “பந்தலுக்குக் கீழங்க.”

“பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க.” ஹர்ஜந்தோ கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “இதுதான் நவீனக் கல்வி. விடையை நாம சொல்லக் கூடாது. அவங்க வாயிலேருந்தே வரவைக்கணும்.”

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் குழுக்கள் அமைக்கப்பட்டன. வரவேற்புக் குழு, சிற்றுண்டிக் குழு, பிள்ளைகளை வரிசைப்படுத்தும் குழு. ஏழாவது குழுவின் பெயர் மழை தடுப்புக் குழு. எட்டாவது மழை வழங்கல் குழு. மழைக்காலத்தில் அரசு விழா என்றால் மழையை நிறுத்துகிறவர் ஒருவரை அமர்த்துவது அந்தப் பக்கத்தில் மைக்செட்காரரை அமர்த்துவது போலத்தான். அதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் இது மழையை அளக்கும் விழா. ஆகவே ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மழை பெய்யக் கூடாது, பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை பெய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

மழை நிறுத்துகிற பார்ஜோ சந்தைமுனையில் கோழி நூடுல்ஸ் வண்டி வைத்திருப்பவர். துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு, அதன் ஈர்க்குகளில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பது அவருடைய முறை. விழா மைதானத்தைப் பார்வையிட வந்தவரிடம் ஹர்ஜந்தோ நேரப் பட்டியலை நீட்டினார்.

பார்ஜோ அதைப் படித்துவிட்டு வஸிதோவைப் பார்த்தார். “என்ன பாக் குரு இது? பதினோரு மணிக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடணுமா? நான் மழைக்காரன். குழாய் ரிப்பேர்க்காரன் இல்ல.”

“முடியாதா மாஸ்?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் ஹர்ஜந்தோ.

“நிறுத்தறதெல்லாம் யாரு பாக் செய்யறா. தள்ளிவிடத்தான் முடியும். மேகம் வந்துட்டா எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? இங்க கொட்டாதேன்னு சொன்னா, அந்தாண்ட போய்க் கொட்டும்.”

“எந்தாண்ட?”

“அதை நீங்கதான் சொல்லணும். போன மாசம் ஒரு கல்யாணத்துல தெற்கால தள்ளினேன். தெற்கால இன்னொரு கல்யாணம். ரெண்டு மாமனாரும் என் வண்டியை உருட்டி விட்டுட்டாங்க.”

அரசுத் தரப்பில் இதற்கும் ஒரு படிவம் தயாராயிற்று. அதில், ‘அகற்றப்படும் மழை அனுப்பிவைக்கப்படும் இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஹர்ஜந்தோ விருந்தினர் பட்டியலை எடுத்து, எந்தத் திசையில் அழைப்பிதழ் போகவில்லை என்று பார்த்தார். பிறகு எழுதினார்: ராந்து மேடு.

“பாக், அங்க பதினோரு வீடு இருக்கு” என்றார் வஸிதோ. வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒரு கணம் மறந்துவிட்டது.

“அவங்களையெல்லாம் பார்வையாளர் வரிசைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியாச்சே. இருநூறு நாற்காலி நிரம்பணும். அன்னைக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் மழையால யாருக்குத் தொந்தரவு?”

“சாயங்காலம் வீட்டுக்குப் போவாங்களே.”

“சாயங்காலம் நிகழ்ச்சி நிரல்ல இல்ல.”

மூன்றாவது கூட்டத்தில் நிகழ்வுப் பதிவேடு கையெழுத்துக்கு வந்தது. எந்த அரசு நிகழ்ச்சிக்கும் நடந்ததை எழுதி ஏழு பேர் கையெழுத்திட்ட ஏடு ஒன்று வேண்டும். நிகழ்ச்சிநாளில் ஏழு பேரையும் ஒரே இடத்தில் பிடிப்பது கஷ்டம் என்பதால், நடப்பதற்கு முன்பே நடந்ததாக எழுதிவிடுவது வழக்கம். ‘மாணவர்கள் மழையை அளந்தனர். அளவு இருபது மில்லிமீட்டர். மாணவர்கள் வியந்தனர்’ என்று இருந்தது.

“இருபதுன்னு எப்படிங்க முன்னாடியே தெரியும்?” என்றார் வஸிதோ.

“பத்துன்னா அலட்சியமாத் தெரியும். முப்பதுன்னா பயமுறுத்தற மாதிரி இருக்கும். இருபது மரியாதையான மழை.” ஹர்ஜந்தோ பேனாவைத் திறந்து கொடுத்தார். “நீங்க சாட்சி. ஆரம்ப நேரத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. முடிவு நேரத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணை அன்னைக்குப் போடலாம். அதை மட்டும் முன்கூட்டிப் போடக் கூடாதுன்னு தணிக்கைக்காரங்க சொல்லிட்டாங்க. கடைசிக் கையெழுத்து விழுந்தாத்தான் உங்க ஆணை உறையிலேருந்து வெளிய வரும்.”

வஸிதோ போட்டார்.

ஒத்திகை இரண்டு நாள். பந்தலுக்குள் மழை வர வழியில்லை என்பதால், மழை வழங்கல் குழுவின் உறுப்பினர் நாற்காலியில் ஏறிப் பூவாளியால் ஊற்றுவார். பிள்ளைகள் ஓடிவந்து எஃகு மழைமானியைச் சூழ்ந்து, குனிந்து, “இருபது” என்று கூவி, மூன்று எண்ணிக்கை விட்டு, “ஆகா” என்று வியக்க வேண்டும். வியப்பு சரியாக வரவில்லை என்று ஹர்ஜந்தோ பதினாறு தடவை திரும்பச் செய்யச் சொன்னார்.

“பாக்,” என்றாள் வெனிங், “அவர் ஊத்தும்போதே எவ்வளவுன்னு தெரியுது. அப்புறம் எப்படி வியக்கறது?”

“தலைவர் முகத்தைப் பாரு. வந்துரும்” என்றார் ஹர்ஜந்தோ.

“பதினஞ்சு ஊத்திட்டார்னா?”

“இருபதுன்னு சொல்லணும்.”

“அப்போ எதுக்குக் குனியணும்?”

ஹர்ஜந்தோ பதினேழாவது தடவைக்குக் கையைத் தட்டினார். வஸிதோ பூவாளியை நிரப்பிக் கொடுத்தார்.

விழா நாளன்று கலிவேருவில் வெயில் அடித்தது. பார்ஜோ மிளகாய்த் துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தார். இது அவருடைய திறமையா, மலைப்பக்கத்து மழையின் இயல்பான குணமா என்பதை ஆராய யாருக்கும் நேரமில்லை. ராந்து மேடு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அங்கே கறுப்பாக ஒரு மேகம் மூட்டை போல உட்கார்ந்திருந்தது.

ராந்து மேட்டுக்காரர்கள் ஆறு மணிக்கே விழாவுக்கான பூவேலைப் பாத்திக் சட்டையில் நனைந்து இறங்கி, மூன்றாம் வரிசையிலிருந்து நிரப்பிவிட்டார்கள். வெனிங்கும் அவள் அம்மா லஸ்மியும் மட்டும் வரவில்லை. வஸிதோ நாற்காலிகளை இரண்டு தரம் எண்ணினார்.

“பாட்டில் ஏழு மணிக்கு எழுபத்தொண்ணுல இருந்துச்சாம் பாக் குரு,” என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர் அலைபேசியைக் காட்டி. “உங்க வகுப்புப் பொண்ணு வெனிங் நகர மாட்டேங்குதாம். சிவப்பா இல்லையான்னு தெரியாம வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குதாம். லஸ்மி திட்டிக்கிட்டே குடை பிடிச்சுக்கிட்டு நிக்குறாளாம்.”

வஸிதோ மலைப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் தேசிய கீதம், பிரார்த்தனை, வரவேற்பு நடனம். பிறகு தலைவர் சுகெங் எழுந்தார். முகம் பளபளப்பாக இருந்தது.

“அன்பு மாணவர்களே, நான் சின்னப் பையனா இருந்தப்ப மழைமானி கிடையாது. மழை பெஞ்சா நனைஞ்சோம், அவ்வளவுதான். இன்னைக்கு நிலைமை மாறியிருக்கு. ஒரு குழந்தை நனையாமலே மழையைத் தெரிஞ்சுக்க முடியுது.” கைதட்டல். “போன வருஷம் நம்ம மாவட்டத்துல முந்நூத்துப் பன்னிரண்டு பள்ளிக்கு மழைமானி குடுத்தோம். ஒரு மழைமானிகூட இதுவரைக்கும் அதிக மழையைக் காட்டல. எல்லாமே பத்திரமா பீரோவுல இருக்கு. வெள்ளம் பத்தின புகாரும் பாதியாக் குறைஞ்சிருக்கு. புகார்ப் படிவத்துல மழை அளவைக் கட்டாயம் எழுதணும்னு நாங்க ஒரு சின்ன மாற்றம் செஞ்சதுதான் காரணம். நிர்வாகம்னா இதுதான்.”

பந்தல் முகப்பில் ஏதோ சத்தம். வஸிதோ எட்டிப் பார்த்தார். வருகைப் பதிவு மேசைக்கு முன்னால் வெனிங் நின்றாள். தலையிலிருந்து பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். பாட்டிலை மார்போடு கட்டிக்கொண்டு, வாயை உள்ளங்கையால் மூடியிருந்தாள். பக்கத்தில் லஸ்மி, கம்பி வெளியே வந்த குடையோடு.

“பேரு, பதவி, கையெழுத்து” என்றாள் பதிவு மேசைப் பெண்.

“கையெழுத்துப் போடணும்னா அது கையை எடுக்கணும். கையை எடுத்தாத் தண்ணி சிந்தும்” என்றாள் லஸ்மி. “நான் போடறேன். பதவின்னா என்ன போடறது? அம்மான்னு போடவா?”

“நனைஞ்சவங்க உள்ள போக முடியாது இபு. கம்பளம் விரிச்சிருக்கு.”

“மழையை அளக்கற விழாவுக்குக் காஞ்சு போனவங்களையா கூப்பிட்டீங்க? நல்ல கூத்துதான்.”

ஹர்ஜந்தோ சத்தமில்லாமல் ஓடிவந்தார். “என்ன பாட்டில் இது? இது அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்ல. தண்ணியும் நிகழ்ச்சி வளாகத்துக்கு வெளியில பெஞ்ச தண்ணி.”

“எண்பத்து நாலு” என்றாள் வெனிங் வஸிதோவைப் பார்த்து. “பாக் குரு, எண்பத்து நாலு. நான் மூணு தடவை பாத்தேன். இன்னும் பெய்யுது.”

அதற்குள் மேடையில் பூவாளி வேலையை முடித்திருந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து, குனிந்து, கூவி, ஒன்று இரண்டு மூன்று எண்ணி வியந்தும் விட்டார்கள். அறிவிப்பாளர் மைக்கை வஸிதோவின் கையில் திணித்தார். “இப்போது, இம்முயற்சியின் முன்னோடி, அளவை அதிகாரபூர்வமாக வாசிப்பார்.”

தலைவர் ஒரு பழுப்பு உறையைக் கையில் பிடித்துச் சிரித்தார். உறைமேல் வஸிதோவின் பெயர் தட்டச்சாகியிருந்தது. பதினான்கு வருஷத்தில் தன் பெயரை அவர் தட்டச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதிலும் ஓர் எழுத்து குறைந்திருந்தது. முன்வரிசையில் ரெத்னோ, வாயை மூடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். மூன்றாம் வரிசையிலிருந்து ராந்து மேட்டின் பத்து வீட்டுச் சனமும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இன்னும் அரைமணியில் அவர்கள் உணவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள்.

“எஃகு மழைமானியில இருபது” என்றார் வஸிதோ. கைதட்டல் ஆரம்பித்தது. “அது பூவாளித் தண்ணி. ராந்து மேட்டுப் பாட்டில்ல எண்பத்து நாலு. சிவப்பைத் தாண்டியாச்சு. மேல யாரும் போகாதீங்க.”

கைதட்டல் பாதியில் நின்றது.

தலைவர் சுகெங் சும்மா தலைவராகிவிடவில்லை. உறையை மெல்லப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டு, இன்னொரு மைக்கை எடுத்தார்.

“பாத்தீங்களா, இதுதான் அறிவியல். ரெண்டு கருவி, ரெண்டு அளவு. வேறுபாடு இருக்கலாம், சண்டை இருக்கக் கூடாது. அரசாங்கம் ரெண்டு தரப்பையும் மதிக்குது. இருபதும் எண்பத்து நாலும் நூத்து நாலு. பாதி அம்பத்து ரெண்டு. சிவப்புக் கோடு எண்பதுல. ஆக, இருபத்தெட்டு மில்லிமீட்டர் மிச்சமே இருக்கு. எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்.”

அதிகாரிகள் கைதட்டினார்கள். ஒத்திகைப் பழக்கத்தில் இரண்டு பிள்ளைகள் “ஆகா” என்றார்கள்.

லஸ்மி கம்பளத்தின் மேல் ஈரக்காலோடு நடந்து வந்தாள். “பாக் தலைவரே, ஒரு சந்தேகம். இந்தப் பாதி மழை யாரு வீட்டு மேல பெய்யுது? எங்க வீட்டு மேல முழுசாத்தான் பெய்யுது. உங்க அம்பத்து ரெண்டை நம்பறதுன்னா, நீங்களே வந்து எங்க வீட்ல இன்னைக்கு ஒரு தூக்கம் போடுங்க. பாய் விரிச்சுத் தர்றேன்.”

யாரோ சிரித்தார்கள். அவள் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். வெனிங் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ராந்து மேட்டுக்காரர் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஹர்ஜந்தோ வஸிதோவைப் பந்தல் கால் பக்கம் இழுத்தார். வியர்த்துக் கொட்டியது. “என்ன காரியம் பண்ணிட்டீங்க? நிகழ்ச்சி முடிஞ்சப்புறமும் இவங்க இங்கயே உக்காந்தா என்ன அர்த்தம் தெரியுமா? இடம்பெயர்ந்தோர்னு அர்த்தம். இடம்பெயர்ந்தோர்னா அவசரநிலை அறிவிக்கணும். அதுக்கு ஆட்சியர் கையெழுத்து வேணும். ஆட்சியர் பேரிடர் மேலாண்மையைப் பத்திப் படிக்க வெளிநாடு போயிருக்கார். போலீஸை வச்சு எழுப்பி அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல.”

வஸிதோவுக்கு உண்மையாகவே புரியவில்லை. புரியாததைக் கேட்டுவிடுவது என்று ஆரம்பித்தார். “நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் உக்காந்தாத்தான் இடம்பெயர்ந்தோரா பாக்?”

“ஆமா.”

“முடியறதுக்கு முன்னாடி உக்காந்தா?”

“முன்னாடி உக்காந்தா பார்வையாளர்.”

“நிகழ்ச்சி எப்ப முடியும்?”

“மேடையில பேச்சு முடிஞ்சா முடியும்.”

“பேச்சு முடியலைன்னா?”

ஹர்ஜந்தோ ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதித் தலைவரிடம் ஓடினார். தலைவர் படித்தார். இத்தனை வருஷப் பணியில் அவருக்கு வந்த சீட்டுகளெல்லாம் சுருக்கமாக முடிக்கச் சொன்னவை. முதல் தடவையாக ஒரு சீட்டு முடிக்க வேண்டாம் என்றது. அவர் முகம் மலர்ந்தது.

அவர் பேசினார். புவி அறிவியலிலிருந்து தொடங்கிப் பூமியின் வயது, தன்னுடைய வயது, தான் பதவி உயர்வு பெற்ற ஆண்டுகள் என்று வரிசையாகப் போனார். ஒரு மணிக்குத் தண்ணீர் குடித்தார். இரண்டு மணிக்கு நாற்காலி கேட்டார். மூன்று மணிக்குத் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னார். பந்தல்காரர் நாற்காலிகளைத் திரும்பக் கேட்டபோது, நிகழ்ச்சி நடக்கிறது என்று விரட்டப்பட்டார். சிற்றுண்டிக் குழு, பார்வையாளர் இருக்கும்வரை பொட்டலம் தர விதி இருப்பதால், இரண்டாம் சுற்றுக்கு ஏற்பாடு செய்தது. நான்கு மணிக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிட, துணைத் தலைவர் மைக்கை ஏற்றார்.

நாலரை மணிக்கு, துணைத் தலைவர் தூய்மை பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், மலைப்பக்கம் லாரி ஒன்று கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. லாரிச் சத்தம் நின்றுவிடும், இது நிற்கவில்லை. நாற்காலிகள் அதிர்ந்தன. துணைத் தலைவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். பந்தலைவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

மேகம் கொஞ்சம் விலகியபோது, உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்த இடத்தில் பழுப்பாக ஓர் அகலமான கோடு இருந்தது. பதினொரு வீடுகளில் நான்குதான் தெரிந்தன. ராந்து மேட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். கணக்கு சரியாக வந்தது. சரியாக வந்த பிறகும் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். லஸ்மி கம்பி வெளியே வந்த குடையை மடக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெனிங்கின் கை இன்னும் பாட்டில் வாயை மூடியபடி இருந்தது. அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

நிகழ்வுப் பதிவேட்டில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: ‘தலைவரின் தொலைநோக்கு மிக்க உரையின் நீளத்தால் உயிர்ச்சேதம் முற்றிலும் தவிர்க்கப்பட்டது.’ மழை அளவு இருபது என்பது அப்படியே இருந்தது. அதில் ஏற்கெனவே ஏழு கையெழுத்து விழுந்துவிட்டதே. அந்த வாரமே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை போயிற்று: கனமழைக் காலங்களில் தகுதியுள்ள அதிகாரி ஒருவர் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் உரையாற்ற வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்துவிடாமல் இருக்க அதிகாரிகள் நாள்தோறும் முறைவைத்துப் பேசினார்கள். ஒன்பதாம் நாள் காலை ஹர்ஜந்தோ பதிவேட்டோடு வந்தார். பந்தலுக்குள் பாய்கள் விரித்திருந்தன. தலைவரின் முகம் போட்ட பதாகையின் கயிற்றில் துணிகள் காய்ந்தன. மூன்றாம் வரிசை நாற்காலிகளை நெருக்கிப் போட்டு ஒரு குழந்தையைத் தூங்கவைத்திருந்தார்கள். சிற்றுண்டிக் குழுவினர் அன்றைய முதல் பொட்டலங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பேச ஆளில்லாமல் மேடை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து காலியாகக் கிடந்தது.

“முடிவு நேரம்னு இருக்கு பாருங்க,” என்றார் ஹர்ஜந்தோ. குரல் கரகரத்திருந்தது. கடைசி இரண்டு நாள் அவரே பேச வேண்டியிருந்தது. “ஒரு நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டா, நீங்க மேடையில பேசினதையெல்லாம் மறந்துடறதா தலைவர் சொல்லிட்டார். ஆணை இங்கயே இருக்கு.” பழுப்பு உறையைக் காட்டினார். பெயரில் எழுத்துப்பிழையும் திருத்தப்பட்டிருந்தது.

“முடிஞ்சுதுன்னு போட்டா இவங்கெல்லாம் யாரு பாக்?”

“இடம்பெயர்ந்தோர்.”

“ஆட்சியர் வந்துட்டாரா?”

“பயணத்தை நீட்டிச்சிருக்கார்.”

“அப்போ இவங்க எங்க போவாங்க?”

“அது வேற துறை.”

வஸிதோ பேனாவை வாங்கினார். உறையைப் பார்த்தார். பதினான்கு வருஷம் அந்த உறைக்குள் மடிந்து கிடந்தது. பிறகு பந்தலைப் பார்த்தார். வெனிங் பாயில் குப்புறப் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். லஸ்மி அலுமினியப் பாத்திரத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் பேனா மூடியைத் திருகி மூடி, பதிவேட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மரியாதையாக ஹர்ஜந்தோவின் கையில் கொடுத்தார்.

“நிகழ்ச்சி இன்னும் முடியல பாக்.”

“என்ன சொல்றீங்க?”

“நான் சாட்சி. பார்வையாளர் இருக்காங்க. பந்தல் இருக்கு. முடியல. இவங்களுக்கு வீடு எழும்பட்டும், நேரத்தை எழுதறேன்.”

“அப்போ இந்த உறை?”

“உங்ககிட்டயே இருக்கட்டும்.”

ஹர்ஜந்தோ உறையைப் பைக்குள் செருகினார். அவர் கண் மேடைப் பக்கம் போனது. பந்தல் நிறையச் சனம், மேடையில் ஒருவருமில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம் காலுக்குள் இருந்தது. கால்கள் அவரைக் கேட்காமலே படியேறின. மைக்கைத் தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“மதிப்புக்குரிய பார்வையாளர்களே, இப்போது, அடுத்த நிகழ்வாக…”

லஸ்மி அரிசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சத்தமா சொல்லுங்க பாக்,” என்றாள். “பின்னாடி கேக்கல.”